மார்ச் பதின்மூன்றில் பிறந்த பத்தொன்பது பேர்

அனுப்புநர்:
சி. மணிமொழி, பி.ஏ. (வரலாறு),
த/பெ. சின்னக்கண்ணு,
கருக்கம்பாறை, வெள்ளிமலை அஞ்சல்,
கல்வராயன்மலை வட்டம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: நடிகர் திரு. ஆரூரன் அவர்களின் தேர்தல் ஆதரவு – கருக்கம்பாறையைச் சேர்ந்த பத்தொன்பது இளைஞர்கள் செய்துள்ள சத்தியம் – அவர்கள் உயிருக்கு உள்ள ஆபத்து – 13.03.2026 உளுந்தூர்பேட்டைப் பொதுக்கூட்டத்துக்கு முன் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

இணைப்பு: 1. பத்தொன்பது பேரின் பெயர்ப் பட்டியல். 2. காணும் பொங்கல் நிகழ்ச்சியின் வீடியோ பதிவு. 3. சிறிய டப்பா ஒன்று (விவரம் மனுவின் இறுதியில்).

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை எழுத நேர்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். தினமும் பிறருக்காக மனு தட்டச்சு செய்பவள் நான். பாதையை அடைத்துவிட்டார்கள், பட்டாவில் பெயர் தவறு, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது என்று வருவார்கள். அவையெல்லாம் ஓர் அலுவலர் நேரில் வந்தால் கண்ணால் பார்க்கக்கூடிய குறைகள். என் குறையை யார் வந்து பார்த்தாலும் எதுவும் தெரியாது. பத்தொன்பது பேர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டும், சிரித்துக்கொண்டும், பள்ளி மைதானத்தில் வாலிபால் ஆடிக்கொண்டும் இருப்பார்கள். எனக்குப் பயமாக இருப்பது அதனால்தான்.

கடந்த மூன்று திங்கட்கிழமைகளில் குறைதீர் கூட்டத்துக்கு வந்து டோக்கன் வாங்கினேன். என் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து வெளியே போய் மலை பஸ் ஏறிவிட்டேன். நேரில் பேச எனக்கு வராது. எழுத ஓரளவு வரும். எனவே கீழ்க்கண்டவற்றை எழுத்திலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நான் வெள்ளிமலையில் ஓர் இ-சேவை மையத்தில் மூன்று ஆண்டுகளாகக் கணினியில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். என் தந்தை சின்னக்கண்ணுவும் தாய் இருசம்மாளும் ஆண்டில் பாதி நாள் கேரளாவில் மிளகு பறிக்கப் போய்விடுவார்கள். இந்த ஆண்டும் மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு போய்விட்டார்கள். தங்கை இசைவாணி என் பொறுப்பில் இருக்கிறாள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

2. நான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவள் இல்லை. கட்சியின் பெயரையும் வேட்பாளரின் பெயரையும் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. ஒரு நடிகர் தனக்குப் பிடித்தவரை ஆதரிப்பது அவர் உரிமை. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

3. திரு. ஆரூரன் அவர்கள் தேர்தலில் நிற்கவில்லை. இந்தப் பகுதி வேட்பாளரைத் தான் ஆதரிப்பதாகத் தைப்பொங்கல் அன்று அறிவித்தார். தன் பிறந்த நாளான மார்ச் 13 அன்று உளுந்தூர்பேட்டையில் நடக்கும் கூட்டத்துக்கு நேரில் வந்து வேட்பாளரின் கையை உயர்த்திக் காட்டப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். அறிவித்த அன்று மாலைக்குள் எங்கள் மலையில் அவர் படம் இல்லாத ஜீப் இல்லை.

4. கருக்கம்பாறையில் அவருடைய ரசிகர்கள் நிறையப் பேர் இருந்தாலும், இந்தப் பத்தொன்பது பேருக்குத் தனி இடம் உண்டு. பதினோரு பேர் ஆண்கள், எட்டுப் பேர் பெண்கள். எல்லோரும் 2012-ல் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். பள்ளிச் சான்றிதழிலும், ஆதாரிலும், வாக்காளர் அட்டையிலும் பத்தொன்பது பேருக்கும் பிறந்த தேதி ஒன்றுதான்: 13.03.2007. நடிகர் பிறந்த அதே மார்ச் பதின்மூன்று.

சிறு வயதில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. அந்த நாளில் சேர்ந்து மிட்டாய் வாங்கித் தின்பார்கள். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது மற்ற பிள்ளைகள் அவர்களைப் ‘பதிமூணாங்க’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நடிகர் படப்பிடிப்பில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்ட செய்தி வந்த வாரம், பத்தொன்பது பேரில் யாரும் செருப்பு அணியவில்லை. நாங்கள் சிரித்தோம். இப்போது அவர்களில் பலர் மணிக்கட்டில் அந்தத் தேதியைப் பச்சை குத்தியிருக்கிறார்கள். இந்தத் தேர்தல் அவர்களுக்கு முதல் ஓட்டு.

5. காணும் பொங்கல் அன்று பகலில், சந்தைத் திடலில் நடிகரின் படம் போட்ட இருபதடி உயர பேனர் கட்டி ஆரூரன் நற்பணிப் பேரவையின் கூட்டம் நடந்தது. நடத்தியவர் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த திரு. பிரவீன்குமார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாலிபாலும் வலையும் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். பத்தொன்பது பேரையும் பெயர் சொல்லி முன்னால் அழைத்து நிறுத்தினார். பிறகு மைக்கில் பேசியதை வீடியோவில் உள்ளபடியே எழுதுகிறேன்:

“நம்ம அண்ணன் யாரக் கை காட்றாரோ அவருக்குத்தான் நம்ம ஓட்டு. அவரு தோத்தா அண்ணனே தோத்த மாதிரி. அண்ணன் தோத்துட்டு நாம உசுரோட இருக்கலாமா? சொல்லுங்க பாக்கலாம், அண்ணன் தோத்தா நாங்க இல்ல.”

கூட்டம் கைதட்டியது. வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்கா, “ஏம்ப்பா, எங்க புள்ளைங்கள இல்லன்னு சொல்ல வெச்சிட்டு நீ கீழ எறங்கிப் போயி பிரியாணி துன்னுகினு இருப்ப, அதான?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரவீன்குமாரும் சிரித்தார். பேனருக்குக் காட்டுவதற்காகத் தட்டில் கற்பூரம் ஏற்றிக் கையில் வைத்திருந்தார்.

அப்போது என் தங்கை ஓரடி முன்னால் வந்து, “அண்ணன் தோத்தா நாங்க இல்ல” என்று நிதானமாகச் சொல்லி, உள்ளங்கையைக் கவிழ்த்து அந்தத் தீயை அணைத்தாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. பிரவீன்குமார் அதை உற்சாகம் என்று நினைத்து இன்னொரு கட்டி வைத்துப் பற்றவைத்தார். அடுத்து தமிழழகன் அணைத்தான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நடுவில் தீப்பெட்டியில் குச்சி தீர்ந்து, யாரிடமோ லைட்டர் வாங்கி ஏற்றிக் கொடுத்தார். பெரியவர்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். வீடியோவில் பிரவீன்குமார் குரல் கேட்கும்: “பாருங்க, பெரியவங்களே எப்பிடி மரியாத குடுக்கறாங்கன்னு.” அது மரியாதை இல்லை ஐயா. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குள் நுழையும்போதும் துண்டை அப்படித்தான் அவிழ்ப்பார்கள்.

நான் ஏழாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பத்தொன்பது முறை தீ ஏறி அணைந்தது. ஒரு முறையாவது குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

6. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது தமிழ்நாடெங்கும் உள்ள பழக்கம் என்று தாங்கள் நினைக்கலாம். கருக்கம்பாறையில் அதன் எடை வேறு. ஓர் எடுத்துக்காட்டை மட்டும் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் சடையன் என்பவருக்கும் ஆதிமூலம் என்பவருக்கும் வரப்புத் தகராறு. ஆதிமூலத்தின் முன்னால், “உன் நெலத்துல இனி கால் வெக்க மாட்டன்” என்று சடையன் கற்பூரம் அணைத்தார். தார் ரோட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அந்த நிலத்தின் நடுவே போகிறது. சடையன் பதினோரு ஆண்டுகள் அதில் நடக்கவில்லை. ஓடையைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் நடந்தார். அவர் மனைவியைப் பிரசவத்துக்கு டோலியில் தூக்கிப் போனவர்கள் அந்தப் பாதையில் போக, அவர் மட்டும் ஓடையைச் சுற்றி ஓடினார். வந்து சேர்ந்தபோது மகள் பிறந்து அழுதுகொண்டிருந்தாள். யாரும் அவரைப் பைத்தியக்காரன் என்று சொல்லவில்லை. ஊருக்கு அது சாதாரணம்.

கடைசியில் ஆதிமூலமே ஒரு கற்பூரக் கட்டியைப் பற்றவைக்காமல் கொண்டுவந்து சடையன் கையில் வைத்து, “திருப்பிக் குடுத்துட்டன்டா. வந்து போ” என்றார். மறுநாள் காலையில் சடையன் அந்த வழியே பஸ்ஸுக்குப் போனார். ஆதிமூலத்தின் மனைவி கேட்டிருந்தாலோ மகன் கேட்டிருந்தாலோ அது நடந்திருக்காது. எவர் முன்னால் அணைக்கப்பட்டதோ அவர் கையால் திரும்பி வர வேண்டும்.

“அண்ணன் தோத்தா நாங்க இல்ல” என்பது மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒரு பேச்சு. மேடை இறங்கியதும் முடிந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு அதைப் பேச்சாகக் கேட்கத் தெரியவில்லை.

7. அந்த வீடியோ நான்கு லட்சம் பேரால் பார்க்கப்பட்டது. மூன்றாம் நாள் நடிகரின் சமூக வலைத்தளப் பக்கத்திலிருந்தே அது பகிரப்பட்டது. மேலே இரண்டு சொற்கள்: “என் உயிர்கள்.” அதை எழுதியது அவரா, அவரிடம் வேலை பார்ப்பவரா என்று எனக்குத் தெரியாது. சத்தியத்தை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று ஊர் புரிந்துகொண்டது.

8. அதற்குப் பிறகு என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தவர்களிடம் நான் கவனித்தவற்றைக் கீழே தருகிறேன். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில், பத்தொன்பது பேரில் ஒருவனான சந்தோஷ் வந்து, தன் வங்கிக் கணக்கில் அம்மாவின் பெயரை நாமினியாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டான். பொறுப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அதே வாரத்தில் பட்டியலில் உள்ள இன்னும் மூன்று பேர் அதே வேலைக்கு வந்தார்கள்.

தமிழழகன் ஆண்டுதோறும் தையில் மரவள்ளி நடுபவன். இந்த ஆண்டு நிலம் உழுது கிடக்கிறது, தண்டு நறுக்கிக் கரணை ஊன்றவில்லை. ஏன் என்று கேட்டேன். “அது பத்து மாசப் பயிரு, அக்கா” என்றான். நான் மேலே கேட்கவில்லை.

இசைவாணி செவிலியர் உதவியாளர் பயிற்சி முடித்தவள். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் ஜூன் மாதம் வேலைக்குச் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. பதில் போடச் சொன்னேன். “எண்ணி முடிக்கட்டும்க்கா, அப்பறம் பாத்துக்கலாம்” என்றாள். ஓட்டு எண்ணிக்கையைச் சொல்கிறாள்.

கடந்த ஒரு மாதத்தில் இந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர்கூட வாக்கு எண்ணிக்கைக்குப் பிந்தைய எந்த வேலைக்கும், படிப்புக்கும், பயணத்துக்கும் விண்ணப்பிக்கவில்லை. எங்கள் மலையில் விண்ணப்பம் என்றால் என் மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். வாக்கு எண்ணும் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கப்படும் நாளில் எல்லோருக்கும் அது ஒரு செய்தியாக இருக்கும். தேர்தலில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றாக வேண்டும். நடிகர் ஆதரிக்கும் வேட்பாளர் வெல்லலாம். வெல்லாமலும் போகலாம். இந்தக் கணக்கை என்னால் பிள்ளைகளிடம் சொல்ல முடியவில்லை.

9. இனி என் தவறை எழுதுகிறேன். இதை எழுதாமல் மேலே எழுதியவை முழுமையாகாது.

2012 ஜூனில் நான் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அன்றைய தலைமை ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். பத்தொன்பது பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று இல்லை. வேலைக்குப் போன இடத்தில் பிறந்தவர்கள், சாமை அறுக்கும்போது பிறந்தான், கடுக்காய் பொறுக்கும்போது பிறந்தாள் என்று மட்டும் தாய்க்கு நினைவிருப்பவர்கள். “அஞ்சு வயசு முடிஞ்சாப்பல ஏதாவது ஒரு தேதி போட்டுக்கம்மா” என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத்துக்குப் போனார்.

அந்த ஆண்டுதான் திரு. ஆரூரனின் முதல் படத்தைப் பள்ளி விடுதித் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். செய்தித்தாளில் வந்த அவர் படத்தைக் கத்தரித்துக் கணக்கு நோட்டில் வைத்திருந்தேன். படத்துக்குக் கீழே பிறந்த தேதி அச்சிட்டிருந்தது. எனக்குத் தெரிந்த நல்ல தேதி அது ஒன்றுதான். தங்கைக்கு அதை எழுதினேன். அவளுக்கு நான் தரக்கூடிய ஒரு பரிசு போல அப்போது தோன்றியது.

எழுதிய பிறகு பயம் வந்தது. மற்றவர்களுக்கு வேறு தேதிகள் எழுதினால் இது மட்டும் தனித்துத் தெரியும், யாராவது ஏன் என்று கேட்பார்கள், எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து மீதிப் பதினெட்டுப் பேருக்கும் அதே தேதியை எழுதினேன். தலைமை ஆசிரியர் பார்க்காமலே கையொப்பமிட்டார். யாரும் கேட்கவில்லை.

பத்தொன்பது பேரை அவரோடு சேர்த்துக் கட்டியது விதி இல்லை. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியின் கூச்சம்.

10. அந்தக் கட்டை அவிழ்க்க நான் எடுத்த முயற்சிகள் பின்வருமாறு.

(அ) தங்கையிடம் சொன்னேன். ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை போர்வையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். பிறகு, “வருசத்துல எத்தினி தேதி கீது. உன் கையில ஏன்க்கா அந்தத் தேதி வந்துச்சி?” என்றாள்.

“எனுக்கு அவரப் புடிக்கும்டி. அதான் எழுதன.”

“நீ எழுதல. எழுத வெச்சாங்க” என்றாள்.

“செரி, அவரு நிறுத்தன ஆளு தோத்துட்டா இன்னா பண்ணுவ?”

“தோக்க மாட்டாரு.”

“தோத்துட்டா?”

“சத்தியம் பண்ணிட்டம்ல” என்றாள். சோறு ஆக்கிவிட்டேன் என்பது போலச் சொன்னாள். போர்வையின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். பிடித்தேன்.

(ஆ) திரு. பிரவீன்குமாரிடம் தொலைபேசியில் பேசினேன். தேதி விவரத்தைக் கேட்டதும் சிரித்தார். “விடுங்க சிஸ்டர். சர்ட்டிபிகேட்ல கீதுல்ல? அது போதும்.” சத்தியத்தைச் சொன்னேன். “நாங்க இங்க டெய்லி பத்து தபா சொல்றோம், யாரு செத்தா?” என்றார். நாமினி விவரத்தைச் சொன்னபோது, அப்புறம் பேசுவதாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்தார். இரண்டு நாள் கழித்து அவராகவே அழைத்தார். “சிஸ்டர், அவுங்க நெசமாவா சொல்றாங்க? நான் மைக் புடிச்சா ஒரு ப்ளோவுல சொல்றதுதான” என்றார். அண்ணனிடம் சொல்லுங்கள் என்றேன். “நான் இன்னும் அண்ணன நேர்ல பாத்ததே இல்ல சிஸ்டர். கூட்டத்துல தூரத்துல பாத்துகினு நிப்பேன், அவ்ளோதான்” என்றார். அவர் குரலில் அப்போது என் பயம் ஏறியிருந்தது. அதன் பிறகு அவர் மலைக்கு வரவில்லை.

(இ) நடிகரின் சென்னை முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஆறு பக்கக் கடிதம் எழுதினேன். அச்சிட்ட கையொப்பத்துடன் அவருடைய வண்ணப் படம் ஒன்று பதிலாக வந்தது. என் பெயருக்கு வந்த உறையைத் தங்கை பிரித்து, “பாத்தியா, உனக்கே பதில் போட்டுட்டாரு” என்று சுவரில் ஒட்டிவிட்டாள்.

(ஈ) பெற்றோருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா, “யார் முன்னால அணைச்சா?” என்று மட்டும் கேட்டார். நடிகரின் பேனர் முன்னால் என்று சொன்னேன். “அவரு எங்க, நாம எங்க” என்று அழுதார்.

(உ) ஓர் அலுவலரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். அவர் அன்பாகத்தான் கேட்டார். “எலெக்‌ஷன் முடிஞ்சா எல்லாம் தானா அடங்கிடும்மா” என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

11. மேற்கண்ட சூழலில் நான் கோருபவை:

முதலாவதாக, பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்களை இப்போதே கருக்கம்பாறைக்கு அனுப்பி, வாக்கு எண்ணிக்கை முடிந்து ஒரு மாதம் வரையிலாவது அவர்கள் அடிக்கடி வந்துபோக ஏற்பாடு செய்ய வேண்டும். மலை மொழி தெரிந்த பெண் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால் நல்லது.

இரண்டாவதாக, 2012-13 சேர்க்கைப் பதிவேட்டை வரவழைத்து விசாரித்து, அந்தத் தேதி பொய் என்று அரசு முத்திரையுடன் அறிவிக்க வேண்டும். அதில் உள்ள நீல மைக் கையெழுத்து என்னுடையது என்று எங்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன். அரசுப் பணித் தேர்வில் தேர்ச்சி பெற்று அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன். இந்த விசாரணையால் அது இல்லாமல் போனாலும் ஆட்சேபணை இல்லை.

மூன்றாவதாக, உளுந்தூர்பேட்டைக் கூட்டத்தைத் தடை செய்ய வேண்டாம் என்றும், பத்தொன்பது பேரை அதற்குப் போகவிடாமல் தடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தடுத்தால் அதைச் சோதனை என்று எடுத்துக்கொண்டு இன்னும் இறுகிவிடுவார்கள். அவர்களை மேடைக்கு முன் வரிசையில் நிறுத்துவதாக ஏற்பாடு. அது நடக்கட்டும். அன்றுதான் அவரும் அவர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள்.

12. மனுவை இத்துடன் முடிக்கத்தான் முதலில் எழுதினேன். உண்மையில் நான் கேட்க வந்தது மேலே உள்ள மூன்றும் அல்ல. மூன்று திங்கட்கிழமைகள் எழுந்து ஓடியதும் இதை வாயால் சொல்லக் கூசித்தான்.

பொதுக்கூட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போது பந்தல், ஒலிபெருக்கி, வாகனம் நிறுத்துமிடம் என்று நிபந்தனைகளை வரிசையாக எழுதுவார்கள். அத்தகைய ஆணைகளை எங்கள் மையத்தில் நான் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வரிசையின் கடைசியில் இன்னொரு நிபந்தனையைச் சேர்க்க வழி இருந்தால் சேர்க்க வேண்டும். ஆணையில் சேர்க்க முடியாது என்றால் தாங்கள் ஒரு வார்த்தை அவரிடம் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டால் படம் வருகிறது. தாங்கள் கேட்டால் அவர் காதுக்குப் போகும்.

நிபந்தனை இது: திரு. ஆரூரன் அவர்கள் வேட்பாளரின் கையை உயர்த்துவதற்கு முன், முன் வரிசைக்கு இறங்கி வந்து, பத்தொன்பது பேர் கையிலும் பற்றவைக்காத கற்பூரக் கட்டி ஒவ்வொன்றை வைத்து, “திருப்பிக் கொடுத்துவிட்டேன்” என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மைக்கில் மொத்தமாகச் சொன்னால் செல்லாது. பத்து நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு அவர் யாரை வேண்டுமானாலும் ஆதரிக்கட்டும், பிள்ளைகள் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடட்டும்.

அவர் ஒரு நாள் எங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று பதின்மூன்று வயதில் ஆசைப்பட்டிருக்கிறேன். இருபத்தாறு வயதில் அதையே மனுவாக எழுதுகிறேன். ரசிகை ஒருத்தியின் வேண்டுகோள் போலத் தெரியும் என்பதால்தான் கடைசி வரை தள்ளிவைத்தேன். அப்படியே தெரிந்தாலும் பரவாயில்லை.

இணைப்பில் உள்ள டப்பாவில் பத்தொன்பது கற்பூரக் கட்டிகள் இருக்கின்றன. காற்றில் கரையாமலிருக்க அப்பா அனுப்பிய மிளகைப் போட்டு மூடியிருக்கிறேன். மார்ச் பதின்மூன்று வரை தாங்கும். அதற்கு முன் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் எழுந்து வந்து, இதைத் தங்கள் கையிலேயே கொடுப்பேன்.

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 23.02.2026

தங்கள் கையை எதிர்பார்த்து,
சி. மணிமொழி
(பட்டியலில் முதல் பெயரின் அக்காள்)